கொத்துக் கொத்தாக முடி கொட்டுதா? தைராய்டு டெஸ்ட் எப்போது எடுக்கணும், ரிப்போர்ட்டை எப்படிப் பார்க்கணும்? முழு விளக்கம்

தலை சீவினால் சீப்பு முழுக்க முடி. தலைக்குக் குளித்தால் பாத்ரூம் ஜல்லடை அடைத்துக்கொள்கிறது. தலையணை, துப்பட்டா, சாப்பாட்டுத் தட்டு என எங்கே பார்த்தாலும் முடி. "போர் தண்ணி ஒத்துக்கல", "ஷாம்பூவை மாத்திப் பாரு", "டென்ஷனைக் குறை" என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். எண்ணெய் மாறும், ஷாம்பூ மாறும், மாத்திரை மாறும். முடி மட்டும் கொட்டிக்கொண்டே இருக்கும்.

காரணமே தெரியாமல் இப்படிப் பல மாதங்கள் முடி கொட்டினால், சந்தேகிக்க வேண்டியவற்றில் ஒன்று தைராய்டு. ஒரு ரத்தப் பரிசோதனையில் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆனால் அந்த டெஸ்டை எப்போது எடுப்பது, எதை எடுப்பது, ரிப்போர்ட்டில் உள்ள எண்களுக்கு என்ன அர்த்தம், மாத்திரை ஆரம்பித்தால் முடி எப்போது திரும்பும் என்பதில்தான் குழப்பம் அதிகம். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம் வாங்க.

முக்கியமான விஷயங்கள் சுருக்கமாக:

• தைராய்டு குறைந்தாலும் முடி கொட்டும், கூடினாலும் கொட்டும்.
• முதலில் எடுக்க வேண்டியது டி.எஸ்.ஹெச், ஃப்ரீ டி4 ஆகிய இரண்டு டெஸ்ட்.
• முடிக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு தைராய்டு ரிப்போர்ட் தப்பாக வரலாம்.
• சிகிச்சை ஆரம்பித்ததும் முடி வளராது. பல மாதங்கள் ஆகும்.
• தைராய்டு நார்மலாக உள்ளவர்கள் முடிக்காக தைராய்டு மாத்திரை சாப்பிடுவது ஆபத்து.

ஒரு நாளைக்கு எத்தனை முடி கொட்டினால் நார்மல்?

நம் தலையில் சுமார் 1 லட்சம் முடிகள் இருக்கின்றன. அதில் தினமும் 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு. பழைய முடி விழுந்து, அதே இடத்தில் புதுசு முளைக்கும்.

ஒவ்வொரு முடிக்கும் ஒரு சுழற்சி உண்டு. முதலில் வளரும் பருவம், இது 2 முதல் 6 ஆண்டுகள் வரை நீடிக்கும். பிறகு சில வாரங்கள் வளர்ச்சி நிற்கும். அடுத்து சுமார் 3 மாதம் ஓய்வுப் பருவம். அதன் முடிவில் முடி விழும். எந்த நேரத்தில் பார்த்தாலும் தலையில் உள்ள முடிகளில் 85 முதல் 90 சதவீதம் வளரும் பருவத்தில்தான் இருக்கும்.

உடம்புக்குப் பெரிய அதிர்ச்சி வந்தால் இந்தக் கணக்கு குலையும். டெங்கு, டைபாய்டு போன்ற காய்ச்சல், ஆபரேஷன், பிரசவம், பட்டினி டயட், தைராய்டு கோளாறு என எதுவாகவும் இருக்கலாம். வளர்ந்துகொண்டிருந்த முடிகள் ஒரே நேரத்தில் ஓய்வுப் பருவத்துக்குப் போய்விடும். அவை கொத்தாக விழுவது 2, 3 மாதம் கழித்துத்தான். அதனால் இன்று முடி கொட்டுகிறது என்றால், போன வாரம் மாற்றிய ஷாம்பூவை விட 3 மாதத்துக்கு முன்பு உடம்பில் என்ன நடந்தது என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

தைராய்டுக்கும் முடிக்கும் என்ன சம்பந்தம்?

தைராய்டு என்பது கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே பட்டாம்பூச்சி வடிவத்தில் இருக்கும் சுரப்பி. இது சுரக்கும் டி4, டி3 ஹார்மோன்கள்தான் உடம்பின் ஒவ்வொரு செல்லும் எவ்வளவு வேகமாக வேலை செய்ய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றன. இதயத் துடிப்பு, உடல் சூடு, செரிமானம், மாதவிடாய் எல்லாமே இதற்குள் அடக்கம்.

முடியின் வேர்ப் பகுதியில் உள்ள செல்கள் உடம்பிலேயே மிக வேகமாகப் பெருகுபவை. அதனால் ஹார்மோன் அளவு மாறினால் அங்கே சீக்கிரம் பாதிப்பு தெரியும். மனித முடிக்கால்களை ஆய்வகத்தில் வைத்துச் செய்து, 2008ல் வெளியான ஓர் ஆய்வில், தைராய்டு ஹார்மோன்கள் முடிக்கால்களில் நேரடியாகவே வேலை செய்வதும், டி4 வளரும் பருவத்தை நீட்டிப்பதும் தெரியவந்தது.

தைராய்டு குறைவாகச் சுரப்பதை 'ஹைப்போ தைராய்டு' என்கிறோம். முடி வறண்டு, சொரசொரப்பாகி, சுலபமாக உடையும், உதிரும். அதிகமாகச் சுரந்தால் 'ஹைப்பர் தைராய்டு'. இதில் முடி மெலிந்து, மிருதுவாகி, தலை முழுக்கப் பரவலாக உதிரும்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். தைராய்டு அளவு நன்றாக மாறி, அது சில மாதங்களாவது சிகிச்சை இல்லாமல் நீடித்தால்தான் பொதுவாக இப்படி முடி கொட்டும். டி.எஸ்.ஹெச் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி கூடியிருப்பதை மட்டும் வைத்து முடி உதிர்வுக்கு அதுதான் காரணம் என்று முடிவு செய்ய முடியாது.

எந்த மாதிரி முடி உதிர்வுக்கு தைராய்டைச் சந்தேகிக்கலாம்?

கண்ணாடி முன் நின்று உங்கள் தலையை ஒரு முறை நிதானமாகப் பாருங்கள். உதிரும் விதமே பாதி பதிலைச் சொல்லிவிடும்.

• தலை முழுக்கப் பரவலாக அடர்த்தி குறைவது: தைராய்டு, இரும்புச்சத்துக் குறைவு, காய்ச்சலுக்குப் பிந்தைய உதிர்வு ஆகியவற்றில் இப்படி இருக்கும்.
• புருவத்தின் வெளிப்பக்க மூன்றில் ஒரு பகுதி மெலிவது: ஹைப்போ தைராய்டில் காணப்படும் பழக்கமான அடையாளம். எல்லோருக்கும் வராது.
• நடு வகிடு மட்டும் அகலமாவது: பெண்களுக்குப் பரம்பரையாக வரும் உதிர்வாக இருக்கலாம். முகத்தில் ரோமம், முகப்பரு, மாதவிடாய் தள்ளிப்போவது ஆகியவையும் சேர்ந்திருந்தால் பிசிஓஎஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.
• ஆண்களுக்கு நெற்றி ஓரமும் உச்சியும் ஏறுவது: பெரும்பாலும் பரம்பரை வழுக்கை.
• காசு வடிவத்தில் வட்டமாகக் கொட்டுவது: நாம் 'புழுவெட்டு' என்று சொல்வது. பூச்சிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. உடம்பின் எதிர்ப்பு சக்தியே முடிவேரைத் தாக்குவதால் வருகிறது. இவர்களில் சிலருக்கு தைராய்டையும் அதே எதிர்ப்பு சக்தி தாக்கும் என்பதால் டாக்டர்கள் தைராய்டு டெஸ்ட் எழுதுவது உண்டு.
• உச்சந்தலையில் செதில், சீழ், வலி, தழும்பு: தாமதிக்காமல் தோல் டாக்டரைப் பார்க்க வேண்டும். தழும்பு விழுந்த இடத்தில் முடி திரும்ப முளைப்பது கடினம்.

முடியோடு சேர்த்து வேறு என்ன பார்க்கணும்?

தைராய்டு கோளாறு முடியை மட்டும் தொட்டுவிட்டுப் போகாது. வேறு இடங்களிலும் தடயம் விடும்.

ஹைப்போ தைராய்டு என்றால்: எப்போதும் அசதி, ஃபேன் போட்டால் கூட குளிருவது, சாப்பாடு கூடாமலே எடை ஏறுவது, மலச்சிக்கல், தோல் வறட்சி, குரல் கரகரப்பு, முகம் வீங்கினாற்போல் இருப்பது, மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு, மறதி, மனச்சோர்வு.

ஹைப்பர் தைராய்டு என்றால்: நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைவது, படபடப்பு, கை நடுக்கம், அதிக வியர்வை, வெயில் தாங்காமை, தூக்கமின்மை, அடிக்கடி மலம் கழிப்பது. சிலருக்குக் கண்கள் பிதுங்கித் தெரியும்.

இரண்டிலும் கழுத்தில் வீக்கம் தெரியலாம். அசதியை 'வேலை ஜாஸ்தி' என்றும், எடை ஏறுவதை 'வயசாகுதுல்ல' என்றும் நம் வீடுகளில் தள்ளிவிடுகிறோம். குறிப்பாகப் பெண்கள். முடி கொட்டும்போதுதான் பலர் முதல்முறையாக டாக்டரிடம் போகிறார்கள். அந்த வகையில் முடி ஒரு எச்சரிக்கை மணி.

இது அரிதான நோயும் இல்லை. சென்னை உட்பட இந்தியாவின் 8 நகரங்களில் 5,000க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் நடத்தப்பட்டு 2013ல் வெளியான ஆய்வில், சுமார் 11 சதவீதம் பேருக்கு ஹைப்போ தைராய்டு இருந்தது. மொத்தத்தில் 3 சதவீதத்துக்கும் அதிகமானோருக்குத் தங்களுக்கு அது இருப்பதே அதுவரை தெரியாது. ஆண்களைவிடப் பெண்களிடம் இது பல மடங்கு அதிகமாகக் காணப்பட்டது.

எந்த டெஸ்ட் எடுக்கணும்?

முதல் கட்டமாக இரண்டே போதும்: டி.எஸ்.ஹெச் மற்றும் ஃப்ரீ டி4.

டி.எஸ்.ஹெச் என்பது தைராய்டு சுரக்கும் ஹார்மோன் இல்லை. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டுக்கு அனுப்பும் கட்டளை. பிட்யூட்டரியை ஒரு சூப்பர்வைசர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தைராய்டு சரியாக வேலை செய்யவில்லை என்றால் சூப்பர்வைசர் சத்தம் போடுவார், டி.எஸ்.ஹெச் ஏறும். தைராய்டு அளவுக்கு மீறி வேலை செய்தால் அவர் வாயை மூடிக்கொள்வார், டி.எஸ்.ஹெச் இறங்கும். அதனால்தான் ஹார்மோன் குறைந்தால் டி.எஸ்.ஹெச் எண் கூடுகிறது.

• ஃப்ரீ டி3: டி.எஸ்.ஹெச் மிகவும் குறைந்து, ஹைப்பர் தைராய்டு சந்தேகம் வந்தால் தேவைப்படும். எல்லோருக்கும் வேண்டாம்.
• ஆன்டி டிபிஓ: தைராய்டை உடம்பே தாக்குகிறதா என்று பார்க்கும் டெஸ்ட். ஜப்பானிய டாக்டர் ஹஷிமோட்டோ 1912ல் விவரித்ததால் அவர் பெயரிலேயே அழைக்கப்படும் நோயைக் கண்டுபிடிக்க இது உதவும். ஒருமுறை பாசிட்டிவ் என்று தெரிந்துவிட்டால் திரும்பத் திரும்ப எடுக்க அவசியமில்லை.
• கழுத்து ஸ்கேன்: கட்டியோ வீக்கமோ இருந்தால் மட்டும்.

டெஸ்டுக்கு வெறும் வயிற்றில் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் டி.எஸ்.ஹெச் அளவு நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. இரவிலும் அதிகாலையிலும் கூடுதலாக இருந்து பகலில் குறையும். எனவே ஒவ்வொரு முறையும் காலையில், ஏறக்குறைய அதே நேரத்தில், முடிந்தால் அதே லேபில் எடுத்தால் பழைய ரிப்போர்ட்டோடு ஒப்பிடுவது சுலபம். ஏற்கெனவே தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் ரத்தம் கொடுத்த பிறகு அன்றைய மாத்திரையைப் போட்டுக்கொள்ளலாம்.

கடும் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆகியிருக்கும்போது எடுத்த ரிப்போர்ட்டை வைத்து முடிவெடுக்க வேண்டாம். உடம்பு சரியில்லாத நேரத்தில் இந்த அளவுகள் தற்காலிகமாக மாறும்.

பயோட்டின் மாத்திரை சாப்பிடுறீங்களா? இதைக் கட்டாயம் படிங்க

முடி கொட்ட ஆரம்பித்ததும் மெடிக்கல் ஷாப்பிலோ ஆன்லைனிலோ பலரும் முதலில் வாங்குவது பயோட்டின். பழச்சுவையில் வரும் கம்மி மிட்டாய்களிலும், 'ஹேர், ஸ்கின், நெயில்' என்று விற்கப்படும் மாத்திரைகளிலும் இதுதான் இருக்கிறது.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 30 மைக்ரோகிராம் பயோட்டின்தான். இந்த மாத்திரைகள் பலவற்றில் இருப்பதோ 5,000 முதல் 10,000 மைக்ரோகிராம் வரை.

பிரச்னை என்னவென்றால், பல லேப் கருவிகள் ஹார்மோனை அளக்கும் ரசாயன முறையிலேயே பயோட்டினைப் பயன்படுத்துகின்றன. ரத்தத்தில் பயோட்டின் நிறைய இருந்தால் கருவி ஏமாந்துவிடும். டி.எஸ்.ஹெச் உண்மையைவிடக் குறைவாகவும், ஃப்ரீ டி4 உண்மையைவிட அதிகமாகவும் காட்டும். அதாவது, தைராய்டு குறைவாக உள்ளவருக்கு 'நார்மல்' என்று வரலாம். நார்மலாக உள்ளவருக்கு 'ஹைப்பர் தைராய்டு' என்று வரலாம். எந்தப் பக்கம் தப்பினாலும் சிகிச்சை தடம் மாறிவிடும்.

அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017லும், மீண்டும் 2019லும் இதுபற்றி எச்சரித்தது. மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோப்போனின் டெஸ்டையும் பயோட்டின் குழப்பும் என்று அது சுட்டிக்காட்டியது.

என்ன செய்யலாம்? தைராய்டு டெஸ்டுக்குக் குறைந்தது 2 நாள் முன்பே பயோட்டினை நிறுத்துங்கள். அதிக டோஸ் என்றால் எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று டாக்டரிடம் கேளுங்கள். சாப்பிடும் எல்லா சத்து மாத்திரைகளின் பெயரையும் லேபிலும் டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள். "அது வெறும் வைட்டமின் தானே" என்று விட்டுவிடாதீர்கள்.

ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

பெரியவர்களுக்கு டி.எஸ்.ஹெச் சுமார் 0.4 முதல் 4 வரை இருந்தால் பொதுவாக நார்மல். சில லேப்களில் மேல் அளவு 4.5 அல்லது 5 என்று இருக்கும். உங்கள் ரிப்போர்ட்டில் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும் அளவோடு ஒப்பிடுங்கள்.

• டி.எஸ்.ஹெச் அதிகம், ஃப்ரீ டி4 குறைவு: ஹைப்போ தைராய்டு. சிகிச்சை தேவை.
• டி.எஸ்.ஹெச் அதிகம், ஃப்ரீ டி4 நார்மல்: ஆரம்பநிலை. 'பார்டர்லைன்' என்று சொல்வது இதைத்தான்.
• டி.எஸ்.ஹெச் குறைவு, ஃப்ரீ டி4 அல்லது டி3 அதிகம்: ஹைப்பர் தைராய்டு. மேல் பரிசோதனை தேவை.
• டி.எஸ்.ஹெச் குறைவாகவோ நார்மலாகவோ இருந்து, ஃப்ரீ டி4 மட்டும் குறைவு: பிட்யூட்டரியில் பிரச்னை இருக்கலாம். டி.எஸ்.ஹெச் மட்டும் எடுத்தால் இது கண்ணில் படாமல் போகும்.
• இரண்டும் நார்மல்: முடி உதிர்வுக்கு வேறு காரணம் தேட வேண்டும்.

பார்டர்லைன் என்றால் மாத்திரை வேண்டுமா?

இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். டி.எஸ்.ஹெச் 5, 6 என்று வந்ததும் 'வாழ்நாள் முழுக்க மாத்திரை' என்று பயந்துவிடுகிறார்கள். வேறு சிலர் "முடி வளரும்ல, கொடுங்க" என்று தாங்களே கேட்டு வாங்குகிறார்கள்.

முதலில் செய்ய வேண்டியது, 2, 3 மாதம் கழித்து டெஸ்டை மறுபடி எடுப்பது. பலருக்கு அது தானாகவே இயல்பு நிலைக்குத் திரும்பிவிடும். வயது ஏற ஏற டி.எஸ்.ஹெச் கொஞ்சம் கூடுவதும் இயல்பு.

பார்டர்லைன் நிலையில் உள்ள பெரும்பாலான பெரியவர்களுக்கு மாத்திரையால் அறிகுறிகளில் குறிப்பிடத்தக்க பலன் கிடைப்பதில்லை என்று சொல்லி, 2019ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் நிபுணர் குழு ஒன்று அதற்கு எதிராகப் பரிந்துரைத்தது. கர்ப்பத்துக்கு முயற்சிக்கும் பெண்கள், டி.எஸ்.ஹெச் மிக அதிகமாக உள்ளவர்கள் போன்றோருக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது. டி.எஸ்.ஹெச் 10க்கு மேல் போனால் பல டாக்டர்கள் சிகிச்சை தொடங்குவார்கள். 10க்குக் கீழே இருந்தால் வயது, அறிகுறி, ஆன்டி டிபிஓ, இதய நோய் ஆகியவற்றைப் பார்த்து முடிவெடுப்பார்கள்.

தேவையில்லாமல் தைராய்டு ஹார்மோன் சாப்பிட்டால் உடம்பு ஹைப்பர் தைராய்டு நிலைக்குப் போகும். இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும். எந்த முடிக்காக மாத்திரை சாப்பிட்டீர்களோ, அந்த முடியே இன்னும் கொட்டும்.

மாத்திரையை எப்படிச் சாப்பிடணும்?

ஹைப்போ தைராய்டுக்குக் கொடுக்கப்படுவது லெவோதைராக்சின். எல்ட்ராக்சின், தைரோநார்ம் போன்ற பெயர்களில் கிடைக்கும். தைராய்டு சுரக்க வேண்டிய டி4 ஹார்மோனையே மாத்திரையாகக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். சுரப்பி முழுக்கச் செயல் இழந்தவருக்கு ஒரு கிலோ எடைக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம் என்பது கணக்கு. 60 கிலோ எடை என்றால் ஏறக்குறைய 100 மைக்ரோகிராம். வயதானவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் குறைந்த டோஸில் ஆரம்பித்து மெதுவாகக் கூட்டுவார்கள்.

இந்த மாத்திரை கொஞ்சம் கறாரானது. சாப்பிடும் முறை தப்பினால் சரியாக உடம்பில் சேராது.

• காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், தண்ணீரில் மட்டும் விழுங்குங்கள்.
• 30 முதல் 60 நிமிடம் வரை காபி, டீ, டிபன் எதுவும் வேண்டாம். "காபி குடிச்சாதான் கண்ணே திறக்கும்" என்பவர்கள், இரவு சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்துத் தூங்கும் முன் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.
• இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். முடி கொட்டுபவர்கள் பெரும்பாலும் இரும்பு மாத்திரையும் சாப்பிடுவார்கள் என்பதால் இந்தத் தப்பு அடிக்கடி நடக்கிறது.
• நெஞ்செரிச்சலுக்கான சில மாத்திரைகளும் இதன் பலனைக் குறைக்கும். டாக்டரிடம் சொல்லுங்கள்.
• பாட்டிலை இறுக மூடி, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள். சமையலறை அடுப்புப் பக்கம் வேண்டாம்.
• ஒரே கம்பெனி மாத்திரையைத் தொடர்வது நல்லது. மாற்ற வேண்டி வந்தால் 6 முதல் 8 வாரம் கழித்து டி.எஸ்.ஹெச் பாருங்கள்.

இந்த மருந்தின் பாதி அளவு ரத்தத்தை விட்டுப் போகவே சுமார் 7 நாள் ஆகும். அதனால் டோஸ் மாற்றினால் முழு பலனும் தெரிய 6 முதல் 8 வாரம் ஆகும். அதற்குள் டெஸ்ட் எடுப்பது பண விரயம். அளவு நிலையானதும் 6 மாதத்துக்கோ ஒரு வருடத்துக்கோ ஒருமுறை போதும்.

ரிப்போர்ட் நார்மல் என்று வந்ததும் "சரியாயிடுச்சு" என்று மாத்திரையை நிறுத்துபவர்கள் நிறைய. மாத்திரை சாப்பிடுவதால்தான் அது நார்மல். டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது.

ஹைப்பர் தைராய்டு என்றால்?

இதற்கு கார்பிமசோல் போன்ற மாத்திரைகள், கதிரியக்க அயோடின், ஆபரேஷன் என மூன்று வழிகள் உள்ளன. எது பொருந்தும் என்பதை எண்டோகிரைனாலஜிஸ்ட் எனப்படும் நாளமில்லா சுரப்பி நிபுணர் சொல்வார்.

கார்பிமசோல் சாப்பிடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அரிதாகச் சிலருக்கு ரத்த வெள்ளை அணுக்கள் திடீரென்று குறையும். காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண் வந்தால் 'சளிதானே' என்று இருக்காமல், மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரைப் பார்த்து ரத்த அணுக்கள் பரிசோதனை எடுக்க வேண்டும்.

முடி எப்போது திரும்ப வளரும்?

எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான். தைராய்டு அளவு சரியான பிறகு, கொட்டுவது குறைவதற்கே சில மாதங்கள் ஆகும். முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர்தான் வளரும். கண்ணுக்குத் தெரிகிற மாற்றத்துக்கு 6 மாதம், பழைய அடர்த்திக்கு ஒரு வருடம் அல்லது அதற்கு மேல் ஆகலாம். சிலருக்கு முழுமையாகத் திரும்பாமலும் போகலாம்.

இன்னொரு முக்கிய விஷயம். மாத்திரை ஆரம்பித்த முதல் சில மாதங்களிலும் முடி கொட்டலாம். ஏற்கெனவே ஓய்வுப் பருவத்துக்குப் போய்விட்ட முடிகள் விழுந்துதான் ஆக வேண்டும். இதைப் பார்த்து "மாத்திரைதான் முடியைக் கொட்ட வைக்குது" என்று நிறுத்திவிட்டால், மறுபடி முதல் படியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மாதம் ஒருமுறை ஒரே வெளிச்சத்தில், ஒரே வகிடில் போட்டோ எடுத்து வையுங்கள். தினமும் விழும் முடியை எண்ணிக் கவலைப்படுவதைவிட இது உருப்படியான கணக்கு.

தைராய்டு நார்மல், ஆனாலும் கொட்டுதே?

அப்போது பார்க்க வேண்டிய முதல் சந்தேகம் இரும்புச்சத்து. தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றுப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும், உடம்பின் இரும்புச் சேமிப்பு தீர்ந்திருக்கலாம். அதைக் காட்டுவது ஃபெரிட்டின் டெஸ்ட். தைராய்டோடு சேர்த்து இதையும் எடுத்துவிட்டால் இன்னொரு முறை அலைய வேண்டாம்.

தேவையைப் பொறுத்து வைட்டமின் டி, பி12 ஆகியவற்றையும் டாக்டர் எழுதுவார். தைராய்டும் பரம்பரை உதிர்வும் ஒருவருக்கே சேர்ந்து இருப்பதும் உண்டு. தைராய்டைச் சரிசெய்தும் ஒரு வருடத்தில் மாற்றம் இல்லை என்றால் தோல் டாக்டரைப் பாருங்கள். அதற்குத் தனி சிகிச்சை இருக்கிறது.

கர்ப்பம், பிரசவம்: கூடுதல் கவனம்

குழந்தை பிறந்து 2 முதல் 4 மாதத்தில் முடி கொட்டுவது மிகச் சாதாரணம். பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் தானாகச் சரியாகும். ஆனால் பிரசவத்துக்குப் பின் முதல் ஆண்டில் சிலருக்கு தைராய்டு அழற்சியும் வரும். "பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் சொல்லும் அசதி, படபடப்பு, மனச்சோர்வு ஆகியவற்றுக்கு அதுவும் காரணமாக இருக்கலாம். ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்ப்பதில் தப்பில்லை.

ஏற்கெனவே மாத்திரை சாப்பிடும் பெண்கள் கர்ப்பம் உறுதியானதும் முதல் வேலையாக டாக்டரிடம் போங்கள். டோஸை சுமார் 25 முதல் 30 சதவீதம் கூட்ட வேண்டியிருக்கும். முதல் சில மாதங்களில் குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் ஹார்மோன்தான் ஆதாரம். பயந்து மாத்திரையை நிறுத்துவதுதான் இதில் மிகப் பெரிய தவறு.

சாப்பாட்டில் என்ன மாற்றணும்?

முட்டைக்கோஸ், காலிஃப்ளவர் பக்கமே போகக் கூடாது என்று சொல்வார்கள். வேகவைத்து அளவாகச் சாப்பிட்டால் பிரச்னை இல்லை.

கவனிக்க வேண்டியது உப்பு. இயற்கை உணவு என்று நினைத்து இந்துப்புக்கோ, அயோடின் சேர்க்காத கல் உப்புக்கோ மாறியவர்கள் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். வீட்டுக்கு வந்து சேரும் அயோடின் உப்பில் 10 லட்சத்தில் 15 பங்காவது அயோடின் இருக்க வேண்டும் என்பது இந்தியாவில் விதி. அதற்காகக் கடற்பாசி மாத்திரை, அயோடின் சொட்டு மருந்து என்று அதிகமாக எடுத்தால் அதுவும் தைராய்டைக் கெடுக்கும்.

முடிக்கு புரதம் முக்கியம். முட்டை, மீன், பருப்பு, சுண்டல், கீரை எது முடியுமோ அதைத் தினமும் சேருங்கள். பட்டினி கிடந்து எடையைக் குறைப்பது முடிக்கு எதிரி.

எங்கே போவது? எவ்வளவு செலவாகும்?

முதலில் குடும்ப டாக்டர் அல்லது அருகில் உள்ள அரசு மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவு போதும். டாக்டர் சீட்டோடு தைராய்டு டெஸ்ட் எடுக்கும் வசதி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இருக்கிறது. தனியார் லேபில் டி.எஸ்.ஹெச், ஃப்ரீ டி4 எடுக்க பொதுவாகச் சில நூறு ரூபாய் ஆகும். ஆயிரக்கணக்கில் 'ஃபுல் பாடி பேக்கேஜ்' இதற்காகத் தேவையில்லை.

லெவோதைராக்சின் விலை குறைந்த மருந்துதான். மத்திய அரசின் மக்கள் மருந்தகங்கள், தமிழ்நாடு அரசு 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்கள் ஆகியவற்றில் ஜெனரிக் வடிவில் கிடைக்கிறதா என்று விசாரிக்கலாம்.

டாக்டரிடம் போகும்போது இதையெல்லாம் எழுதி எடுத்துப் போங்கள்:

• முடி கொட்ட ஆரம்பித்தது எப்போது? அதற்கு 3 மாதம் முன்பு காய்ச்சல், ஆபரேஷன், பிரசவம், டயட் ஏதாவது உண்டா?
• எடை, மாதவிடாய், தூக்கம், மலம் ஆகியவற்றில் மாற்றம்.
• வீட்டில் யாருக்காவது தைராய்டு, வழுக்கை இருக்கிறதா?
• சாப்பிடும் எல்லா மாத்திரைகளும், நாட்டு மருந்தும், பயோட்டினும். சில மனநல, இதய மருந்துகள் தைராய்டைப் பாதிக்கும்.
• பழைய ரிப்போர்ட்டுகள்.

எப்போது தாமதிக்கவே கூடாது?

கழுத்தில் வேகமாக வளரும் கட்டி, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம், ஓய்வில் இருக்கும்போதும் நிற்காத படபடப்பு, அளவுக்கு மீறிய தூக்கக் கலக்கத்தோடு உடல் ஜில்லென்று ஆவது ஆகியவை இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே பிரச்னை முடியைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

மற்றபடி, 3 மாதத்துக்கு மேல் காரணமில்லாமல் முடி கொட்டினால், அடுத்த எண்ணெய் பாட்டிலை வாங்கும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள். தைராய்டு என்று தெரிந்தால் அதற்கு மருந்து இருக்கிறது. இல்லை என்று தெரிந்தாலும் நல்லதுதான், தேட வேண்டிய இடம் வேறு என்பது தெளிவாகிவிடும்.

(இந்தக் கட்டுரை பொதுவான தகவலுக்காக மட்டுமே. டெஸ்ட், மாத்திரை, டோஸ் எதுவானாலும் உங்கள் டாக்டரின் ஆலோசனைப்படியே முடிவெடுங்கள்.)